கேச் போட்ட பிறகு வேறு மெத்தட் ஓடுவது ஏன்?

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக நானும் தோழியும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழி எழுதியிருக்கிறோம். கம்பைலர் பைட்கோடு, அதாவது இடைநிலைக் கட்டளைகள், தருகிறது. சி மொழியில் எழுதிய இன்டர்பிரட்டர் அதை ஓட்டுகிறது. மெத்தட் அழைப்பு மெதுவாக இருந்ததால், ஒருமுறை தேடிக் கண்டதைக் குறித்துவைக்கும் கேச் போட்டோம். வேகம் வந்தது, ஆனால் விடை தப்புகிறது. நெல் என்ற கிளாஸில் வயது என்ற மெத்தட் 120 நாள் என்று தருகிறது. அதன் கீழுள்ள குறுவை அதையே எடுத்துக்கொள்ளும். சம்பா மட்டும் 150 என்று மாற்றி எழுதிக்கொள்கிறது. ஓட்டினால் சம்பாவுக்கும் 120 வருகிறது. சம்பா வயல்களை எல்லாம் முதலில் அடுக்கினால் சரியாக வருகிறது. தஞ்சாவூரில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில், ஜிட் கம்பைலரோடு (நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் கோடாக மாற்றுவது) முழு கோடும் ரிப்போர்ட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?
– மன்னார்குடி வாசகி

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கோடில் கெட்டிருப்பது ஒரே ஒரு ஒப்பீடு.

நடந்திருப்பது இதுதான். குறுவை ஆப்ஜெக்டில் வயதைக் கேட்டதும் இன்டர்பிரட்டர் மேலே ஏறித் தேடி, நெல்லில் மெத்தடைக் கண்டுபிடித்தது. கேச்சில் நீங்கள் எழுதி வைத்தது கண்டுபிடித்த இடத்தை, அதாவது நெல்லை. அடுத்த முறை குறுவை வந்தபோது ‘குறுவையும் நெல்லும் ஒன்றா’ என்று பார்த்தால் இல்லை. கேச் ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. அதனால் ‘இது நெல் வகையா’ என்று கேட்கும்படி மாற்றியிருப்பீர்கள். வேகம் வந்தது அதனால்தான், விடை தப்பியதும் அதனால்தான். சம்பாவும் நெல் வகைதானே? நெல்லின் 120 அப்படியே அதற்கும் போய்விட்டது. சம்பா முதலில் வந்தால் கேச்சில் சம்பா இருக்கும். பின்னால் வரும் குறுவை சம்பா வகை இல்லை என்பதால் புதிதாகத் தேடப்படும். அந்த அடுக்கில் விடை சரியாக வருவது தற்செயல்.

திருத்தம்: மெத்தட் எங்கே கிடைத்தது என்பதை மறந்துவிடுங்கள். அழைக்கப்பட்ட ஆப்ஜெக்டின் சொந்தக் கிளாஸை எழுதுங்கள். குறுவை வந்தால் குறுவை என்று எழுதி, பக்கத்தில் நெல்லின் மெத்தட் முகவரியை வையுங்கள். அடுத்த முறை அச்சு அசலாக அதே கிளாஸா என்று மட்டும் பாருங்கள். ஒன்றானால் நேரே தாவலாம். இல்லையென்றால் முழுத் தேடல் செய்து இரண்டையும் மாற்றி எழுதுங்கள். வகை பார்க்கும் வேலை இங்கே கூடாது.

இந்தக் குறிப்பு அழைப்பு நடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக இருக்க வேண்டும். மெத்தட் பெயருக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு இடத்தில் எழுதியதை இன்னொரு இடம் அழித்துக்கொண்டே இருக்கும். பைட்கோடின் நடுவே 8 பைட் முகவரியைத் திணிக்க வேண்டாம். கேச்சுக்குத் தனி அரே வைத்து, கட்டளையில் 2 பைட் எண் மட்டும் வைத்தால் 65,536 அழைப்பிடங்கள் கிடைக்கும், உங்களுக்கு அது ஏராளம். கிளாஸையும் முகவரியால் ஒப்பிடாமல், திரும்பப் பயன்படுத்தாத வரிசை எண் கொடுத்து ஒப்பிடுங்கள். பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பு ஒரு கிளாஸை விடுவித்து அதே முகவரியில் வேறொன்று உட்கார்ந்தால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்காகும்.

இனிமேல் சொல்வதை நிறுத்திப் படியுங்கள். எல்லோரும் விழும் குழி இது. உங்கள் மொழியில் நிரல் ஓடும்போதே கிளாஸில் புது மெத்தட் சேர்க்க முடியுமா? முடியும் என்றால் கேச் பழசாகிவிடும். பயிர், அதன் கீழ் நெல், அதன் கீழ் குறுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தேவையைச் சொல்லும் மெத்தட் பயிரில் மட்டும் இருக்கிறது. குறுவைக்கான கேச் அதைக் குறித்துவைத்திருக்கிறது. நடுவில் யாரோ நெல்லில் அதே பெயரில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். குறுவையில் எதுவும் மாறவில்லை, கேச்சில் இருக்கும் கிளாஸ் எண்ணும் பொருந்துகிறது, ஆனால் ஓடுவது பழைய மெத்தட். மேலே ஆற்றில் தென்பெரம்பூர் அணையில் ஷட்டரை இறக்கினால், கடைமடை மதகில் யாரும் கை வைக்காமலே அங்கே தண்ணீர் மாறுகிறது அல்லவா, அதேதான். கிளாஸ் மாறியதைக் காட்டப் பதிப்பு எண் ஒன்று வைத்து, மாறிய கிளாஸுக்கு மட்டும் அதைக் கூட்டினால் போதாது என்பது இதனால்தான். ஒன்று, கீழே உள்ள எல்லா வாரிசுகளுக்கும் கூட்ட வேண்டும். அல்லது மொழி முழுமைக்கும் ஒரே எண் வைத்து, எந்தக் கிளாஸில் மெத்தட் மாறினாலும் அதைக் கூட்டி, கேச்சில் கிளாஸோடு அந்த எண்ணையும் ஒப்பிட வேண்டும். ரூபி மொழி 2.1 பதிப்பில்தான் முழுமைக்கும் ஒன்று என்பதை விட்டு வாரிசு வழிக்கு மாறியது. உங்களுக்கு ஒரே எண் போதும். 4 வரி கோடு.

ஒரே அழைப்பிடத்தில் குறுவையும் சம்பாவும் மாறி மாறி வந்தால் ஒற்றைக் குறிப்பு ஓயாமல் அழிந்து எழுதப்படும். அங்கே கிளாஸ் எண், மெத்தட் முகவரி என்று 4 ஜோடி வையுங்கள். நாலும் நிறைந்தால், எல்லா அழைப்பிடங்களுக்கும் பொதுவான ஹாஷ் அட்டவணைக்குப் போகலாம். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

ஒன்றைக் கேட்காமல் விட முடியாது: மெத்தட் பெயர்களை இன்னும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறீர்களா? கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். கேச்சுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

ப்ராஜெக்ட் சென்டர் விஷயம். திருச்சியிலும் தஞ்சையிலும் இவர்கள் விற்பது பெரும்பாலும் ஒரே பென்டிரைவ்தான், அட்டை மட்டும் வேறு. ‘ஜிட்’ என்று எழுதியிருக்கும், உள்ளே நிரலைப் பகுத்துப் படிக்கும் ஒரு பார்சர் இருக்கும். நேரில் போனால் மேலே சொன்ன நெல் சோதனையை அவர்கள் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள், நடுவில் மெத்தடை மாற்றி. பேச்சு அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு ஜிட் தேவையும் இல்லை. 1984இல் டாய்ச்சும் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80 மொழிக்கு அழைப்பிடத்திலேயே கேச் வைக்கும் இந்த உத்தியை இயந்திரக் கோடில் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் 2022இல் வந்த பைத்தான் 3.11 இயந்திரக் கோடு எதுவும் உருவாக்காமல், பைட்கோடிலேயே கேச் வைத்து ஓடுகிறது. இந்த உத்தி 1984இல் எழுதப்பட்ட விஷயம். நம் கம்பைலர் தாள், பார்சர் எழுதித் தரும் லெக்ஸ், யாக் கருவிகளைத் தாண்டி இங்கே வருவதே இல்லை, பிறகு ரிப்போர்ட்டின் பக்கங்களை எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். பிள்ளைகள் கடைக்குப் போகாமல் எங்கே போவார்கள்?

அளக்கும்போது இன்டர்பிரட்டரை, வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 (-O2) கொடி போட்டுக் கம்பைல் செய்யுங்கள். கொடியில்லாமல் எடுத்த எண்களை வைவாவில் காட்டக் கூடாது. 1 கோடி அழைப்புள்ள லூப்பை கேச்சோடும் கேச் இல்லாமலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு அழைப்பிடத்திலும் எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை தவறியது என்று எண்ணி, நிரல் முடிந்த பிறகு மட்டும் அச்சிடுங்கள். குறுவை மட்டும் வரும் லூப்பில் தவறல் 1 என்று வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் கண்டுபிடித்த இடத்தைத்தான் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.