சொல்லாமல் திறக்கப்பட்ட இரண்டாங்கட்டு

கேள்வி: காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடொன்றின் இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது பகுதியில், இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் சென்னையில் வசிக்கிறார். அவர்கள் குடும்பத்துப் பித்தளைச் சாமான்கள் உள்ள அறை எங்கள் பகுதிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சென்ற மாதம் நாங்கள் ஊரில் இல்லாதபோது, அவர் மாற்றுச் சாவியால் திறந்து பங்காளிகளுடன் வந்து போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பீரோ நகர்ந்திருந்தது. அடுப்பு மேடையில் காபி குடித்த டம்ளர்கள் கழுவாமல் இருந்தன. கேட்டதற்கு, "படைப்புக்குச் (முன்னோர் வழிபாட்டுக்குச்) சாமான் எடுக்க வந்தோம், எங்கள் வீட்டுக்கு வர யாரைக் கேட்க வேண்டும்?" என்கிறார். அவர் செய்தது சரியா?

- வாசகி, காரைக்குடி

பதில்: சரியல்ல. வீடு அவருடையதுதான், ஆனால் வாடகை வாங்கிக்கொண்டு உங்களிடம் ஒப்படைத்த பகுதியில், ஒப்பந்தக் காலம் முழுவதும் இடையூறின்றிக் குடியிருக்கும் உரிமை உங்களுடையது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இது உண்டு. காரைக்குடி போன்ற நகர்ப்புறங்களுக்கு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: பழுது பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்வையிடவோ, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வேறு நியாயமான காரணத்துக்காகவோ உள்ளே வருவதானால், காரணத்தையும் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரங்களுக்கு மட்டுமே விலக்கு. படைப்பு முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது. அதை அவசரம் என்று சொல்ல இடமில்லை.

ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். செட்டிநாட்டு வீடுகளை வாடகைக்கு விடுவோர் ஓர் அறையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த அறைக்கு உங்கள் பகுதி வழியாகத்தான் போக வேண்டும் என்றால், யார் வரலாம், எந்த நாட்களில், எப்படிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. இத்தனை மனத்தாங்கலும் அதனால்தான் வருகிறது. முன்னோரை வணங்கப் பங்காளிகள் ஒன்றுகூடுவது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அதை மறுக்கும்படி நான் சொல்லவில்லை. பங்குள்ளவர் ஒவ்வொருவரும் தனித்தனியே வராமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வழியாகவே அறிவிப்பு வரட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நடந்ததைத் தேதியோடு எழுதி, இனி முன்னறிவிப்பின்றி வரக் கூடாது என்று கேட்டு, ஒப்புகையுடன் அஞ்சலில் உரிமையாளருக்கு அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். பிறகும் தொடர்ந்தால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். காரைக்குடி தேவகோட்டை வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால் அங்குள்ள கோட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.  குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைந்தால் மட்டுமே அது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி குற்றமாகக் கருதப்படும் அத்துமீறலாகும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது காவல் நிலையத்துக்குப் போகும் விஷயமாக எனக்குப் படவில்லை.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாடகைப் பாக்கி உங்களை வெளியேற்றக் கோருவதற்கு அவர் கையில் நீங்களே கொடுக்கும் காரணமாகிவிடும். பழைய நிலைக்கதவின் பூட்டையும் மாற்ற வேண்டாம். நகை, பத்திரங்கள் இருக்கும் உங்கள் பீரோவுக்கு நல்ல பூட்டாகப் போட்டு, சாவியை ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.