கேள்வி நேரம்: மலையகத்தில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவிக்க விரும்புவோருக்கு

உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். பாடசாலை அணியில் ஆடியிருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் உள்ளவர்கள் போல, பயிற்றுவிப்பதையே தொழிலாக்க ஆசை. வீட்டில் "அதில் சோறு கிடைக்குமா?" என்கிறார்கள்.
– வாசகி, ஹட்டன்

வீட்டார் கேட்பது நியாயம். அமெரிக்காவிலும் தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பெட் சமிட் 1974இல் டெனசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் வானை ஓட்டியதும் சீருடை துவைத்ததும் அவரேதான். 2012இல் விலகும்போது கணக்கில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். கல்லூரி ஆண்கள் அணியோடு பத்துத் தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்றுவிப்பாளர் ஜோன் வூடன் முதலில் உயர்நிலைப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர்.

இலங்கையில் இந்த ஆட்டத்துக்கு அடித்தளம் பாடசாலைகள்தான். அங்கே இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவர் நியமனம் பெற்ற உடற்கல்வி ஆசிரியர். மற்றவர் வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர். இவருக்கான கொடுப்பனவைப் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கொடுக்கும். போட்டிக் காலம் முடிந்தால் அதுவும் நின்றுவிடலாம். ஆகவே முதலில் நியமனத்துக்கு வழி தேடுங்கள். தேசிய கல்வியியற் கல்லூரிகளின் உடற்கல்விப் பாடநெறி மூன்று ஆண்டு; கடைசி ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயில்வு. தமிழ் மொழிமூலம் எந்தக் கல்லூரியில் என்பதை அந்த ஆண்டு வர்த்தமானியில் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதுமானால் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பும் இருக்கிறது.

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். படித்த பாடசாலையில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட அணியைக் கேட்டு வாங்குங்கள். மூத்த அணியை யாரும் புதியவரிடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. போட்டிகளில் புள்ளிப்பதிவு மேசையில் உட்காருங்கள். ஐந்து தவறோடு ஒருவர் ஆட்டத்துக்கு வெளியே, காற்பகுதியில் அணியின் ஐந்தாவது தவறிலிருந்து இரண்டு சுயாதீன எறிகள் என்ற கணக்கெல்லாம் அங்கே கையோடு வந்துவிடும்.

கொழும்பில் காற்றடித்து வாங்கிவந்த பந்து இங்கே கல்லாகத் துள்ளுகிறது. இங்கே அளவாக அடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனால் சவமாகக் கிடக்கிறது. பந்தில் பிழையா?
– ஆசிரியர், நுவரெலியா

பந்தில் பிழையில்லை, உயரம்தான் காரணம். அமுக்கமானி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 8 பி.எஸ்.ஐ. காட்டிய பந்து, குளிரில் கொஞ்சம் சுருங்கியும்கூட, உங்களிடம் 10ஐ நெருங்கும். திரும்பிப் போகும்போது 8 என்பது 6 ஆகிவிடும். பெரும்பாலான பந்துகளுக்கு 7 முதல் 9 வரை சரி. பந்தின் ஊசித்துளைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

அறைக்குள் அளந்த பந்தை விடியற்காலைக் குளிரில் மைதானத்துக்குக் கொண்டுவந்தால் மேலும் ஒரு பி.எஸ்.ஐ. அளவில் இறங்கும். எனவே ஆடும் இடத்தில் பந்தை ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அளவெடுங்கள். அமுக்கமானி இல்லையா? பந்தின் அடி 1.8 மீற்றரில் இருக்கும்படி பிடித்துக் கொங்கிறீட்டில் விடுங்கள். அதன் உச்சி 1.2க்கும் 1.4க்கும் இடையில் எழும்ப வேண்டும். ஊசியை நனைக்காமல் குத்தாதீர்கள். வால்வின் றபர் கிழிந்து, தினமும் காற்றிறங்கும் பந்தாகிவிடும்.

எங்களிடம் வலைப்பந்து மைதானம் மட்டுமே. இருபது பிள்ளைகள், ஐந்து பந்து. பஸ்ஸுக்கு முன் 90 நிமிடம். என்ன செய்வது?
– ஆசிரியை, பண்டாரவளை

மைதானம் போதும். வலைப்பந்துக்கு 30.5 க்கு 15.25 மீற்றர், கூடைப்பந்துக்கு 28 க்கு 15. இரு முனையிலும் 1.25 மீற்றர் உள்ளே வந்து வேறு நிறத்தில் கோடு போடுங்கள். வளையத்தின் உயரமும் ஒன்றேதான், 3.05 மீற்றர். ஆனால் வலைப்பந்து வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், நம்முடையது 45. சிறிய வளையத்தில் எறிந்து பழகுவது கெடுதலில்லை, பந்தை உயர்த்தி விடப் பழகுவார்கள். ஓடிவந்து போடும் எறியை மட்டும் அந்தக் கம்பத்தில் பழக்கவே கூடாது. பலகையில்லை, கம்பம் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, வேகத்தில் வரும் பிள்ளை அதில்தான் மோதும். பலகை செய்விப்பதானால் 1.80 க்கு 1.05 மீற்றர், முகம் எல்லைக்கோட்டிலிருந்து 1.2 மீற்றர் உள்ளே வர, கம்பம் கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்க வேண்டும். ஒட்டுப்பலகையானால் விளிம்புகளுக்கும் பெயின்ற் அடியுங்கள். மழை முதலில் புகுவது அங்கேதான்.

நேரத்தைத் தின்பது வரிசை. இருபது பேரும் ஒரே வளையத்தின் முன் நின்றால் ஒரு பிள்ளைக்குப் பந்து எப்போதாவதுதான் கைக்கு வரும். பந்துக்கு நால்வராகப் பிரியுங்கள். உடலைச் சூடாக்க 12 நிமிடம், பந்தைத் தட்டுவதும் கொடுத்து வாங்குவதும் 20, எறிதல் 25. பிறகு 25 நிமிடம் இரு முனையிலும் மூவருக்கு மூவர் ஆட்டம். மிஞ்சும் எட்டுப் பேர் நடுவில் மூன்று பந்தோடு தட்டிப் பழகுவார்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். கடைசி 8 நிமிடம் சுயாதீன எறி. களைத்த காலோடு எறிவதுதான் போட்டியிலும் நடக்கும். ஐவருக்கு ஐவர் ஆடவிட்டு மிச்சப் பேரை மதிலில் உட்காரவைப்பது பயிற்சி அல்ல.

சின்னவர்களுக்கு 5ஆம் இலக்கப் பந்து, பெரிய பெண்பிள்ளைகளுக்கு 6. 7ஆம் இலக்கத்தைக் கொடுத்தால் பாரத்தில் இடுப்பிலிருந்து எறியத் தொடங்குவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. பாசி படர்ந்த கொங்கிறீட் ஈரமாயிருந்தால் ஓட்டம் வேண்டாம். காய்ந்த நாளில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஈர்க்குமாறால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் வீடியோ பார்த்து வியூகம் படிப்பித்தேன். போட்டியில் எடுபடவில்லை.
– மஸ்கெலியா

நேரத்தைப் பாருங்கள். அங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு, ஒரு தாக்குதலுக்கு 30 வினாடி. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம்) விதியில் 10 நிமிடக் காற்பகுதிகள் நான்கு, தாக்குதலுக்கு 24 வினாடி. அதிலும் 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஐந்தாறு பாஸ் சுற்றும் வியூகம் பாதியிலேயே விசிலில் முடியும். மூன்று பாஸுக்குள் எறி வரும்படி வெட்டிச் சுருக்குங்கள். பயிற்சியில் ஒரு பிள்ளையிடம் ஸ்டொப் வாட்ச்சைக் கொடுத்து, மிச்சம் 14 வினாடி, 5 வினாடி ஆகும்போது உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். எறி வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தாக்கும் அணியே பிடித்தால் புதிதாகக் கிடைப்பது 14 வினாடி மட்டுமே. அதற்குத் தனியாக ஒரு குறுகிய வியூகம் வைத்துக்கொள்ளுங்கள்.