மூங்கில் பரிசல் பெரிய கூடைதானே, அதை நம்பி ஏறலாமா? அளவுநாடாகூட இல்லாமல் முடைகிறார்களே?

குடும்பத்துடன் ஒகேனக்கல் வந்து, கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களைப் பார்த்துத் தயங்கிய ஒருவர்தான் இதைக் கேட்டிருப்பார் என எண்ணுகிறேன். கேள்வியில் "பெரிய கூடைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகப் பரிசல் முடையும் எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

அளவு என் கையிலேயே இருக்கிறது. எட்டுப் பேர் அமரும் பரிசலின் அகலம் ஏறக்குறைய 7 அடி. என் முழத்தில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. மூங்கில் பத்தைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கல்லேற்றி, அடிப்பாகம் தட்டையாகப் படிந்த பின்பே ஓரங்களை வளைத்து விளிம்பு கட்டுகிறோம். அந்தத் தட்டையான அடியினால்தான் பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத தண்ணீரிலும் பரிசல் போகிறது. அந்நாளில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

நான் தவறு செய்யாதவன் அல்லன். பத்தொன்பது வயதில் தனியாக முடைந்த முதல் பரிசலுக்கு, பிளக்க எளிதாக இருக்கிறதே என்று ஓராண்டு மூங்கிலை வெட்டி, தண்ணீரில் ஊறவும் போடாமல் பின்னிவிட்டேன். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலை போடும் ஒருவர் அதை வாங்கிப் போனார். ஆறே மாதத்தில் அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் எங்கள் வாசலில் இறக்கினார். தட்டியதும் பத்தைகளிலிருந்து மாவாகக் கொட்டியது. இளமூங்கிலின் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வரும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் முற்றிய மூங்கிலில் புதிதாக ஒன்றை முடைந்து, காசு வாங்காமல் அவரை அனுப்பிவிட்டு, பழையதை அடுப்புக்கு உடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

கண்ணாடியிழை (ஃபைபர்) பரிசலை நான் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது உளுக்காது, அடிக்கடி தார் பூசும் செலவும் இல்லை. ஆனால் பாறையில் மோதும்போது மூங்கில் வளைந்து கொடுக்கிறது. பத்தை ஒன்று முறிந்தாலும் கரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பரிசலானாலும் உயிர்காப்பு உடை அணியாமல் ஏறாதீர்கள். நீர்வரத்து கூடிப் பரிசல் இயக்கத் தடை விதித்த நாளில், கூடுதல் பணம் தருகிறேன் என்று ஓட்டியைக் கெஞ்சவும் வேண்டாம்.

கூடை என்ற சொல் ஏன் தைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூங்கில் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். படகு கட்டுபவர் என்று எழுதச் சொன்னேன், "தர்மபுரியில் ஏது கடல்?" என்று சிரித்துவிட்டு, அங்கிருந்தவர் "கூடை முடைபவர்" என்று நிரப்பினார். கூடைக்கு இவ்வளவு மூங்கில் எதற்கு என்று கேட்டு, பிறகு அந்த விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.