கையைக் கடிக்காத கிரானோலா

கே: கடையில் விற்கும் கிரானோலா (ஓட்ஸ், கொட்டை, விதைகளை இனிப்புச் சேர்த்து மொறுமொறுப்பாக பேக் செய்த காலை உணவு) கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்தால் செலவு உண்மையிலேயே குறையுமா?

ப: எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓட்ஸால் செலவு ஏறுவதில்லை. பாதாம், முந்திரி, தேன் மூன்றும்தான் ஏற்றிவிடுகின்றன. அவற்றை அள்ளிப் போட்டால் கடை விலையே வந்துவிடும். பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை, சூரியகாந்தி விதை. தேனுக்குப் பதில் சர்க்கரைக் கரைசல். மொறுமொறுப்புக்குத் தேன் அவசியமே இல்லை. சொல்லப்போனால், தேன்தான் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்து கருகும்.

கே: சரியான அளவும் செய்முறையும் வேண்டும்.

ப: ரோல்டு ஓட்ஸ் (அவல்போல் தட்டையாக்கியது) 300 கிராம், தோல் நீக்கி இரண்டாக உடைத்த வறுக்காத வேர்க்கடலை 75 கிராம், சூரியகாந்தி விதை 40 கிராம், எள் 25 கிராம். எல்லாவற்றையும் அகலப் பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரை 80 கிராம், தண்ணீர் 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி மூன்றையும் சூடாக்குங்கள். பதம் பார்க்க வேண்டாம். சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கொதித்துக் கெட்டியானால் பாகு ஒரே இடத்தில் உறைந்துவிடும், பாதி ஓட்ஸ் வெறுமனே நிற்கும். வாசனையில்லாத எண்ணெய் 60 மி.லி. சேர்த்துக் கலக்கி, ஓட்ஸில் ஊற்றி, அடியில் உலர்ந்த ஓட்ஸ் இல்லாமல் போகும் வரை கிளறுங்கள்.

தட்டில் பேக்கிங் தாள் விரித்து ஒரு செ.மீ. தடிமனில் பரப்புங்கள். தட்டு சிறியதென்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். முன்னதாகவே சூடேற்றிய அவனில் (பேக் செய்யும் அடுப்பில்), நடுத்தட்டில், 150 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். பாதியில் ஒருமுறை புரட்டுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும்; ஆறினால்தான் மொறுமொறுக்கும். இன்னும் ஆகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிக் கருக்குபவர்கள்தான் அதிகம். நிறத்தைப் பாருங்கள்: பொன்னிறம் வந்தால் போதும்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், மாவாக உதிரும். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் துண்டாக வெட்டியது) இந்த நேரத்துக்குள் மென்மையாகாது, கல்லாகப் பல்லில் படும்.

கே: உலர் திராட்சை கசக்கிறது. ஏன்?

ப: ஓட்ஸோடு சேர்த்தே பேக் செய்திருப்பீர்கள். அதிலுள்ள சர்க்கரை கருகியதால் வந்த கசப்பு அது. கிரானோலா முழுதாக ஆறிய பிறகு கலந்துகொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் போடுவதென்றால் கடைசி 10 நிமிடத்தில் போடுங்கள்.

கே: கட்டி கட்டியாக வராமல் உதிரியாகவே இருக்கிறது.

ப: புரட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பேக் செய்வதற்கு முன் கலவையில் சேர்த்து, தட்டில் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்திப் பரப்புங்கள். கிளறாமல் தட்டை மட்டும் பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். எடுத்த பிறகு ஒரு மணி நேரம் தொடக்கூடாது; சூட்டில் கை வைத்தால் எல்லாம் தூள்தான். முட்டை வேண்டாமென்றால் ஓட்ஸில் 50 கிராமை மட்டும் மிக்ஸியில் பொடித்துச் சேர்க்கலாம். கட்டிகள் சிறியதாக வரும், ஆனால் வரும்.

கே: எங்களிடம் அவன் இல்லை.

ப: அடிகனமான வாணலி போதும். ஓட்ஸ், கடலை, விதைகளை மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வறுத்து வாசனை வந்ததும் தட்டில் கொட்டுங்கள். அதே வாணலியில் எண்ணெயும் சர்க்கரைக் கரைசலும் நுரைத்துவரும்போது வறுத்ததைப் போட்டு, தீயைக் குறைத்து, ஈரம் வற்றும் வரை விடாமல் கிளறுங்கள். வாணலியிலேயே ஆறவிடாதீர்கள்; அடிச்சூட்டிலேயே கருகிவிடும். பெரிய கட்டிகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கே: எண்ணெயே இல்லாமல் செய்யலாமா?

ப: செய்யலாம், ஆனால் வறட்டு ஓட்ஸைத்தான் மெல்ல வேண்டியிருக்கும். 40 மி.லி. வரை குறைத்துப் பாருங்கள்.

கே: நான்கே நாளில் நமுத்துவிடுகிறது.

ப: வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகி உள்ளேயே சொட்டும். முழுக்க ஆறிய பின், ஈரமில்லாத காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். நமுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள்: உலர் திராட்சையைப் பொறுக்கியெடுத்துவிட்டு 150 டிகிரியில் 8 நிமிடம் வைத்து ஆறவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கடலையில் சிக்குவாடை அடித்தால் அது எண்ணெய் கெட்ட வாடை, சூடாக்கினாலும் போகாது.