கிட்டில் ரீபேஸ் செய்தபோது கமிட்டுகள் காணாமல் போய்விட்டன. மீட்க முடியுமா? இதுபோன்ற சிக்கல்களை எப்படிச் சமாளிப்பது?

ரீபேஸ் நடுவில் மோதல் வந்தது, இணையத்தில் பார்த்த கட்டளைகளைத் தட்டினேன், கடைசியாக 'ரீசெட் --ஹார்ட்' கொடுத்தேன், இரண்டு நாள் வேலையைக் காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே "எல்லாவற்றையும் கமிட் செய்திருந்தேன்" என்றும் ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் உங்கள் வேலை எங்கும் போகவில்லை. (கிட் என்பது நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கருவி. கமிட் என்பது அப்படிச் சேமித்த ஒரு வடிவம், ரீபேஸ் என்பது உங்கள் கமிட்டுகளை வேறொரு கிளையின் நுனியில் மறுபடி அடுக்குவது, 'ரீசெட் --ஹார்ட்' என்பது கோப்புகளை ஒரு கமிட்டின் நிலைக்கே தள்ளும் கட்டளை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதல் வேலையாக, அந்தக் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மறைந்திருக்கும் '.கிட்' கோப்புறையும் அதில் வர வேண்டும். பல அலுவலகங்களில் இந்த நிலையில் கிடைக்கும் அறிவுரை, "கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக குளோன் செய்" (சர்வரிலிருந்து முழு நகலை இறக்கு) என்பதுதான். உங்கள் நிலைமையில் அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. நீங்கள் புஷ் செய்யாத (சர்வருக்கு அனுப்பாத) கமிட்டுகள் இருப்பது அந்த ஒரே '.கிட்' கோப்புறைக்குள்தான்.

அடுத்து 'கிட் ஸ்டேட்டஸ்'. ரீபேஸ் இன்னும் நடந்துகொண்டிருப்பதாக அது சொன்னால், பாதி தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். ரீபேஸ் முழுதாக முடியும்வரை கிட் உங்கள் கிளையின் பெயரை நகர்த்துவதே இல்லை. எந்தக் கிளையிலும் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஹெட்டில்தான் (நீங்கள் இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் குறி) வேலை செய்கிறது. நீங்கள் கொடுத்த 'ரீசெட் --ஹார்ட்'டும் அந்த ஹெட்டைத்தான் தொட்டிருக்கும். 'கிட் ரீபேஸ் --அபார்ட்' என்று தட்டினால் பழைய கிளை பழையபடி வந்து நிற்கும். பாதிப் பேருக்குக் கதை இதோடு முடிந்துவிடும்.

ரீபேஸ் முடிந்தேவிட்டது என்றால் 'கிட் ரீஃப்லாக்'. ஹெட் எங்கெங்கே போய் வந்தது என்பதற்கு உங்கள் கணினி வைத்திருக்கும் நாட்குறிப்பு அது. புதிய வரி மேலே, பழையது கீழே. 'ரீபேஸ் (ஸ்டார்ட்)' என்ற வரியைத் தேடி, அதற்கு நேர் கீழே உள்ள வரியின் தொடக்கத்தில் இருக்கும் அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று எழுதி, அதன் பின்னால் அந்த எண்ணைக் கொடுத்தால், அந்தப் பழைய கமிட்டைச் சுட்டும் 'மீட்பு' என்ற கிளை பிறக்கும். பலர் இங்கே இன்னொரு 'ரீசெட் --ஹார்ட்' செய்யச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். புதிய கிளை எதையும் அழிப்பதில்லை. எண்ணைத் தவறாக எடுத்திருந்தால் அந்தக் கிளையை நீக்கிவிட்டு வேறு எண்ணைப் பார்க்கலாம்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், ரீபேஸ் உங்கள் பழைய கமிட்டுகளைத் திருத்துவதில்லை. அவற்றைப் பார்த்துப் புதிய கமிட்டுகளை எழுதிவிட்டு, கிளையின் பெயரைப் புதியவற்றின் மேல் வைத்துவிடுகிறது. கிளை என்பதே 40 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண்ணைச் சுட்டும் பெயர்தான். பெயர் நகர்ந்தாலும் பழையவை கிடங்கில் கிடக்கும். ஆனால் எப்போதும் கிடக்காது: எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளுக்கான ரீஃப்லாக் வரிகள், அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, 30 நாள் கழிந்தால் கழித்துக்கட்டப்படலாம். மற்ற வரிகளுக்கு 90 நாள். ஆகவே மீட்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

கமிட் செய்யாத மாற்றங்கள் மீது 'ரீசெட் --ஹார்ட்' ஓடியிருந்தால் நிலைமை வேறு. 'கிட் ஆட்' (மாற்றத்தைக் கமிட்டுக்குத் தயாராக்குவது) மட்டுமாவது செய்திருந்தால் 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' என்ற கட்டளை உள்ளடக்கத்தைத் தோண்டி எடுத்து '.கிட்' கோப்புறைக்குள் வைக்கும். கோப்பின் பெயர் இருக்காது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதுவும் செய்யவில்லை என்றால் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோடில் 'டைம்லைன்', இன்டெல்லிஜேயில் 'லோக்கல் ஹிஸ்டரி' என்று எடிட்டர்கள் தாமாகவே பழைய வடிவங்களைச் சேமித்திருக்கும். அங்கே தேடுங்கள். தவறி நீக்கிய ஸ்டாஷ் (கமிட் செய்யாமல் ஒதுக்கி வைத்த மாற்றங்கள்) இதைவிட எளிது. ஸ்டாஷும் உள்ளுக்குள் ஒரு கமிட்தான். நீக்கியபோது திரையில் வந்த எண் இன்னும் தெரிந்தால் 'கிட் ஸ்டாஷ் அப்ளை' என்பதோடு அதைக் கொடுத்தால் போதும்.

உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது மோதல் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மோதலில் எந்தப் பக்கத்தை ஏற்பது என்று கிட்டிடம் சொல்லும் சொற்கள் 'அவர்ஸ்', 'தேர்ஸ்'. ரீபேஸ் நடக்கும்போது இரண்டும் இடம் மாறிவிடும். மெர்ஜ் செய்யும்போது (ஒரு கிளையை இன்னொன்றோடு இணைக்கும்போது) 'அவர்ஸ்' என்றால் நீங்கள் நிற்கும் கிளை. ரீபேஸிலோ, கிட் முதலில் மெயின் கிளையின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் அடுக்குகிறது. அதனால் 'அவர்ஸ்' மெயினுடையது, 'தேர்ஸ்' நீங்கள் எழுதியது! என் வேலைதான் வேண்டும் என்று நம்பி 'அவர்ஸ்' கொடுப்பவர்கள் தங்கள் மாற்றங்களைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள். கிட் உருவாக்கியவர்களின் தர்க்கம் புரிகிறது, ஆனாலும் இந்தப் பெயர் வைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மோதல் குறிகளுக்கு நடுவே இரண்டு வடிவங்கள் மட்டும் தெரிவதுதான் இன்னொரு தொல்லை. யார் எதை மாற்றினார்கள் என்று அதிலிருந்து ஊகிக்கவே முடியாது. 'கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் டிஃப்3' என்று ஒருமுறை அமைத்துவிட்டால், இருவரும் மாற்றுவதற்கு முன் அந்த வரிகள் எப்படி இருந்தன என்பதும் நடுவில் தெரியும். எதிராளி ஒரு மாறியின் பெயரை மட்டும் மாற்றினார், நீங்கள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தீர்கள் என்பது உடனே விளங்கும். 2022இல் வந்த 2.35 பதிப்பு முதல் 'இசட்டிஃப்3' என்ற, இன்னும் சுருக்கமாகக் காட்டும் வடிவமும் இருக்கிறது.

புஷ் செய்துவிட்ட தவறான கமிட்டை, பலர் பகிரும் கிளையில், ரீசெட் செய்து நீக்காதீர்கள். 'கிட் ரிவர்ட்' அதற்கு எதிரான புதிய கமிட்டைச் சேர்க்கும், வரலாறு கலையாது. மெர்ஜ் கமிட் என்றால் 'ரிவர்ட் -எம் 1' வேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது: அதே கிளையைத் திருத்திவிட்டுப் பிறகு மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் வராது, ஏனென்றால் கிட்டின் கணக்கில் அவை முன்பே சேர்ந்துவிட்டன. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும். உங்கள் சொந்தக் கிளையை ரீபேஸ் செய்தபின் வலிந்து புஷ் செய்வது தவறில்லை, ஆனால் '--ஃபோர்ஸ்' வேண்டாம், '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' கொடுங்கள். நீங்கள் பார்க்காத கமிட் எதையாவது வேறொருவர் அங்கே சேர்த்திருந்தால் புஷ் நின்றுவிடும். எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் (சர்வரில் உள்ள புதிய கமிட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தால்) இந்தக் காவல் பலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வரியைத் தொட்டாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் வரிமுடிவு வேறுபாடு. '.கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று எழுதி, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஓட்டி ஒரு கமிட் போட்டால் தீரும்.

'.கிட்இக்னோர்' (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) எழுதியும் கிட் ஒரு கோப்பை விடாமல் பின்தொடர்கிறதா? முன்பே சேர்த்த கோப்பை அது கண்டுகொள்ளாது; 'கிட் ஆர்எம் --கேஷ்ட்' செய்ய வேண்டும். உங்களிடம் கோப்பு இருக்கும், ஆனால் சக ஊழியர்கள் புல் செய்யும்போது (சர்வரிலிருந்து புதிய மாற்றங்களை எடுத்துத் தங்கள் கிளையில் சேர்க்கும்போது) அவர்களிடமிருந்து அது அழிந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்படி நுழைந்த கோப்பில் கடவுச்சொல் இருந்து, அது புஷ்ஷும் ஆகியிருந்தால், கோப்பை நீக்கிப் புதிய கமிட் போடுவதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். 'கிட் ஃபில்டர்-ரிப்போ' கொண்டு வரலாற்றை மாற்றி எழுதலாம்தான், ஆனால் அதற்குள் யார் குளோன் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.