வாசகர் கேள்வி-பதில்: இச்சிரோவின் பேட்டும் காலும்

ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சில:

கிரிக்கெட்டில் சராசரி 50 இருந்தால்தான் பெரிய ஆள். இச்சிரோவுக்கு 0.311தான். இதில் என்ன பெருமை?
*வாசகர், காரைக்குடி*

அது ரன் கணக்கு இல்லை. பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸைத் (திடலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) தொட்டால் ஒரு ஹிட். அமெரிக்காவில் 9,934 முறை அடிக்க நின்று 3,089 ஹிட் எடுத்தார், வகுத்தால் 0.311. பந்து எறியும் பிட்சர் நாலு பந்தை விலக்கிப் போட்டு முதல் பேஸைச் சும்மா கொடுத்தால், அந்த முறை கணக்கில் சேராது. பத்துக்கு மூன்று தேறினாலே அங்கே நட்சத்திரம்தான். 1920-ல் ஜார்ஜ் சிஸ்லர் ஒரே பருவத்தில் எடுத்த 257 ஹிட்தான் 84 வருடம் அசையாத சாதனை. 2004-ல் இச்சிரோ 262 எடுத்து அதைத் தாண்டினார். அதில் 225 வெறும் சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை மட்டும். எல்லா பேஸையும் சுற்றி வரும் ஹோம் ரன் எட்டே எட்டு.

வலது கையால் எறிகிறவர் இடது பக்கம் நின்று ஏன் அடித்தார்? நானும் பழகலாமா?
*உடற்கல்வி மாணவர், தேவகோட்டை*

சிறு வயதிலேயே அப்பா அப்படிப் பழக்கினார். இடப்பக்கம் நிற்பவர் முதல் பேஸுக்குச் சுமார் 4 அடி கிட்டே இருக்கிறார். பேட்டை வீசி முடிக்கும்போது உடம்பும் முதல் பேஸ் பக்கமே திரும்பும். வலப்பக்க ஆட்டக்காரருக்கு அது எதிர்த்திசையில் போகும். பேஸுக்குப் பேஸ் 27.43 மீட்டர். பந்து தரையில் உருண்டு, ஃபீல்டர் எடுத்து எறிவதற்குள் ஓடிச் சேர வேண்டும். அங்கே அந்த 4 அடி பெரிய விஷயம்.

தாராளமாகப் பழகலாம். பந்தைத் தாங்கியில் இடுப்பு உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். வலக்கை பேட்டின் அடியில் வரும், பேட்டை இழுத்து வழிநடத்துவது அதுதான். ஓடும் அவசரத்தில் அடிக்கும் முன்பே உடம்பு பேஸ் பக்கம் சாய்ந்துவிடுவதுதான் எல்லோருக்கும் வரும் தப்பு. வலத்தோள் முன்கூட்டியே திறந்துகொள்ளும். வெளிப்பக்கம் வரும் பந்து எட்டாது. இச்சிரோவும் எடையை முன்னே நகர்த்துவார், ஆனால் கைகளைப் பின்னாலேயே நிறுத்தி வைப்பார். அவரைப் பார்த்துக் காலை மட்டும் காப்பியடித்தால் உதவாது. முதலில் ஓடாமல் அடியுங்கள். பந்து நேராகப் போகத் தொடங்கிய பிறகு ஓட்டத்தைச் சேருங்கள்.

வீடு பிரித்த பர்மாத் தேக்கு உத்தரம் கிடக்கிறது. அதில் பேஸ்பால் பேட் கடையலாமா?
*தச்சர், கானாடுகாத்தான்*

வேண்டாம். தேக்கு செல்லுக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் திடீர் அடியின் அதிர்ச்சியைத் தாங்குவதில் பேட் செய்யப் பயன்படும் ஆஷ் மரத்துக்கு ஈடாகாது. போதாததற்கு, பழைய உத்தரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆணியும் வெடிப்பும் இருக்கும். இச்சிரோவின் பேட் ஆஷ் வகையைச் சேர்ந்த ஜப்பானிய மரத்தில் செய்தது.

ஆஷ் கட்டை கிடைத்தால் 37 அங்குல நீளம், 3 அங்குலச் சதுரம் போதும். மரத்தின் ரேகை கைப்பிடியிலிருந்து நுனி வரை நேராக ஓட வேண்டும். கைப்பிடியில் ரேகை குறுக்கே சாய்ந்தால் முதலில் உடைவது அங்கேதான். தடித்த பாகம் 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரேகைகள் நெருங்கிக் கோடுகோடாகத் தெரியும் பக்கத்தில் பந்து பட வேண்டும். அகன்று தெரியும் பக்கத்தில் பட்டால் ஏடு ஏடாக உரியும்.

கடைந்ததை மழைக்காலத்தில் வளவுத் தூணில் சாய்த்து வைக்காதீர்கள். மரம் ஈரம் குடித்தால் எடை கூடும், வீச்சு மந்தமாகும். இச்சிரோ தன் பேட்டுகளை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைத்தே ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

ஓய்வு எப்போது? எல்லோரும் அவருக்கு ஓட்டுப் போட்டார்களா?
*வாசகி, பள்ளத்தூர்*

2019 மார்ச் 21, டோக்கியோவில், 45 வயதில். 2025-ல் அமெரிக்க பேஸ்பால் புகழ் மண்டபத் தேர்வில் 394 பேரில் 393 பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒருவர் யாரென்று எங்களையும் கேட்காதீர்கள்!