சாதாரண இணையம் இருக்கும்போது தெற்காசியப் பல்கலைக்கழகங்களுக்கு எதற்குத் தனி ஆராய்ச்சி வலையமைப்பு, அதாவது பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் மட்டும் இணைக்கும் அதிவேக இணைப்பு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மரபணு ஆய்வுத் தரவு 1 டெராபைட் (ஆயிரம் ஜிகாபைட்). நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பில், வேகம் ஒருநொடிகூடக் குறையாமல் இருந்தாலே, அனுப்பி முடிக்க 22 மணி நேரம். அதைவிட நூறு மடங்கு வேகமான, நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பில் சுமார் 13 நிமிடம். வணிக இணையம் பெரும்பாலும் வீடியோ பார்ப்பது போன்ற அன்றாடப் பயன்பாட்டுக்கானது. இந்த மாதிரி திடீர்ப் பெருஞ்சுமைக்கு அது தோதுப்படாது.

அதனால்தான் இந்தியா 2010-இல் தேசிய அறிவு வலையமைப்பு என்ற தன் ஆராய்ச்சி வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே மாதிரி இலங்கையில் லேர்ன், பாகிஸ்தானில் பெர்ன், வங்கதேசத்தில் பிடிரென் என்ற வலையமைப்புகள் இருக்கின்றன. பிடிரென் செய்தது எனக்குப் பிடித்த வேலை: புதிதாகக் குழி தோண்டாமல், மின்தொகுப்பு நிறுவனம் உயரழுத்தக் கம்பிகளோடு இழுத்து வைத்திருந்த ஃபைபரையே (தரவை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை) குத்தகைக்கு எடுத்தது.

சரி, நாட்டுக்குள் ஃபைபர் வந்துவிட்டது. வெளியே போகும் வழி? அங்கேதான் சிக்கல். வங்கதேசத்துக்கு 2006 முதல் 2017 வரை கடலடிக் கேபிள் ஒன்றே ஒன்றுதான். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கடலே இல்லை. பக்கத்து நாட்டு வழியாகத்தான் போயாக வேண்டும், அதற்கான வாடகையும் சேரும். அப்புறம், ஒரே ஊரில் உள்ள இரண்டு நிறுவனங்கள் உள்ளூர் இணைப்பகத்தில் (வலையமைப்புகள் நேரடியாகத் தரவு மாற்றிக்கொள்ளும் இடம்) சேராவிட்டால், பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் மின்னஞ்சல்கூட வெளிநாடு சுற்றிவிட்டு வரலாம்.